அன்றைய ஆகாரம் அன்றைக்கு: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பலவும் இயேசு கற்றுத்தந்த கர்த்தருடைய ஜெபத்தின் ஒரே வரியைச் சுற்றியவை: ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ (மத்தேயு 6:11). ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஆட்குறைப்பில் வேலை போய் இரண்டு மாதமாகிறது. காலையில் ஜெபிக்க உட்கார்ந்தால் ‘ஆண்டவரே, வேலை தாரும்’ என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வருவதில்லை. சற்று நேரத்தில் மனம் வீட்டுக்கடன் கணக்குக்கு ஓடிவிடுகிறது. இந்த நிலைமையில் எப்படி ஜெபிப்பது? (வாசகர், ஈசூன்)

பதில்: கண்ணை மூடிக்கொண்டு கவலைப்படுவதை ஜெபம் என்று நினைத்துவிடுகிறோம். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். நீங்கள் சொல்லும் வாக்கியங்கள் தேவனிடம் பேசுகின்றனவா, ‘என்ன ஆகுமோ’ என்று உங்களிடமே பேசுகின்றனவா என்று பாருங்கள். உங்களிடமே பேசுகிறீர்கள் என்றால் வாய்விட்டுச் சொல்லத் தொடங்குங்கள். மெல்லிய குரல் போதும். வாய் பேசும்போது மனம் கணக்குப் போடுவது கடினம்.

ஆகாரத்துக்கான விண்ணப்பம் கர்த்தருடைய ஜெபத்தில் நான்காவதாகத்தான் வருகிறது. தேவனுடைய நாமம், ராஜ்யம், சித்தம் ஆகிய மூன்றும் அதற்கு முன்னே நிற்கின்றன. நேரே நான்காவதுக்குப் பாய்கிறவருக்கு, தாம் யாரிடம் கேட்கிறோம் என்பது பாதி வழியில் மறந்துபோகும். ஆகவே ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கி நிதானமாகச் சொல்லிவாருங்கள். ஆகார வரிக்கு வந்ததும் நில்லுங்கள். இன்றைக்கு என்ன வேண்டும் என்பதை அந்த இடத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள். மூன்று அல்லது நான்கு போதும்: இன்று பகல் 11 மணி நேர்காணலில் பதறாத நாக்கு, பிள்ளையின் பள்ளிச் செலவு, மனைவியிடம் எரிந்து விழாத பொறுமை. அதன்பின் மன்னிப்பு, சோதனை என்று மீதியைச் சொல்லி முடியுங்கள். மொத்தம் ஏழெட்டு நிமிடம் ஆகலாம். கைப்பேசியைத் தொடுவதற்கு முன் செய்தால் நல்லது.

என்ன கேட்பது என்று தெரியாத நாளில் மார்ட்டின் லூத்தர் 1529ல் எழுதிய சிறிய ஞானோபதேசம் கைகொடுக்கும். அன்றாட ஆகாரத்துக்குள் அவர் உணவு, உடை, செருப்பு, வீடு, நிலம், பணம் மட்டுமின்றி நல்ல அரசாங்கம், நல்ல வானிலை, சமாதானம், ஆரோக்கியம், நல்ல நண்பர்கள், நம்பத்தக்க அண்டைவீட்டார் வரை அடுக்குகிறார். செருப்பையும் அண்டைவீட்டாரையும் ஒரே பட்டியலில் வைத்தவர் வாழ்க்கை தெரிந்தவர்தான்.

வீட்டுக்கடன் மாதக் கணக்கு. ஜெபமோ நாள் கணக்கு. அந்தக் கடனில் இன்றைய பங்கு எது என்று கேளுங்கள். அநேகமாக அது ஒரு தொலைபேசி அழைப்பாகத்தான் இருக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கடனானால் தவணையைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கடனானால் தவணை தவறுவதற்கு முன்பே பேசுங்கள். தவறிய பிறகு பேசுவது கடினம். ஏப்ரல் 2025ல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், தகுதியுள்ளவர்களுக்கு ஆறு மாதங்களில் 6,000 சிங்கப்பூர் வெள்ளி வரை தருகிறது. வேலை தேடும் முயற்சிகளைக் காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சமூக சேவை அலுவலகத்தில் அரசின் காம்கேர் நிதியுதவி கேட்பதற்கும் கூச்சம் வேண்டாம். பஞ்சகாலத்தில் தீர்க்கதரிசி எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் காகங்கள் கொண்டுவந்தன (1 இராஜாக்கள் 17:6). ஏன் காகம் என்று அவர் கேட்டதாகப் படிக்கவில்லை.

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தேதியும் கேட்டதும், இரவில் அன்று வந்தது என்ன என்பதும். கேட்டதும் வந்ததும் பல நாள் பொருந்தாது. பொருந்தாததையும் எழுதுங்கள். பவுல் தம் மாம்சத்தில் முள்ளாக இருந்த உபாதையை எடுத்துப்போடும்படி மூன்றுதரம் கேட்டார். முள் போகவில்லை, ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:8, 9). வேலை கிடைத்தவுடன் பலர் இந்தக் குறிப்பேட்டை மூடிவிடுகிறார்கள். சம்பளம் வரும் மாதங்களில்தான் அது அதிகம் தேவைப்படும்.

கேள்வி: சேமிப்பும் காப்புறுதியும் அவிசுவாசம் என்று எங்கள் ஜெபக்குழுவில் ஒரு அக்கா சொல்கிறார். மீதி வைத்த மன்னா புழுத்துப்போனதைக் காட்டுகிறார். சரியா? (வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

பதில்: அக்கா யாத்திராகமம் 16ஐப் பாதியில் மூடிவிட்டார். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த ஆகாரம்தான் மன்னா. நாளுக்குத் தலைக்கு ஒரு ஓமர் என்பது அதன் அளவு. காலைவரை வைக்க வேண்டாம் என்று மோசே சொல்லியும் வைத்தார்கள், அது புழுத்து நாறியது (16:20). ஆனால் ஆறாம் நாளில் இரண்டு ஓமர் சேர்த்து மறுநாளுக்கு வைத்தபோது நாறவுமில்லை, புழுக்கவுமில்லை (16:24). அதே மன்னாவில் ஒரு ஓமர் தலைமுறைகளுக்காகப் பாத்திரத்தில் வைக்கப்பட்டது (16:33). கெடுத்தது சேமிப்பு என்றால் இந்த இரண்டும் கெட்டிருக்க வேண்டும். சொன்னதைக் கேளாமல், நாளை விழுமோ விழாதோ என்ற பயத்தில் பதுக்கியதுதான் கெட்டது.

அவர்கள் கானான் தேசம் சேர்ந்து, நிலத்தின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாளே மன்னா நின்றுவிட்டது (யோசுவா 5:12). அதன்பிறகு உழுது, விதைத்து, அறுத்து, களஞ்சியத்தில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள். அதுவும் தேவனுடைய அதே கையிலிருந்து வந்த ஆகாரம்தான். எகிப்தில் யோசேப்பு ஏழு செழிப்பான வருஷங்களில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்க்கச் சொன்னார் (ஆதியாகமம் 41:34). நம்மூரில் 55 வயதுக்குட்பட்ட சிங்கப்பூரரின் சம்பளத்துக்கு ஊழியர் 20 விழுக்காடு, முதலாளி 17 விழுக்காடு மத்திய சேம நிதிக்குச் செலுத்துவது சட்டம். அக்காவின் கணக்கிலும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

லூக்கா 12ல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவான் இருக்கிறான். அவனுடைய கோளாறு, ‘அநேக வருஷங்களுக்கு அநேகம் பொருள்கள் உனக்குச் சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது’ என்று தன் ஆத்துமாவுக்கே சொன்னது. உங்கள் சேமிப்பு அப்படிப் பேசத் தொடங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: கண்ணெதிரே ஒருவர் தவிக்கும்போது 50 வெள்ளி எடுத்துத் தருவது போன வருஷத்தைவிட இப்போது கடினமாக இருக்கிறதா?

கேள்வி: ஃபோர்-டி (4D) லாட்டரி எண்ணுக்காக ஜெபிக்கலாமா? ஜெயித்தால் பத்தில் ஒரு பங்கு சபைக்குத்தான். (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: வாரத்தில் புதன், சனி, ஞாயிறு என்று மூன்று குலுக்கல். ஆகார ஜெபமோ ஏழு நாளுக்கும். ‘தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக’ என்று ஆகூர் கேட்ட ஜெபத்தை (நீதிமொழிகள் 30:8) வரிசையில் நிற்கும்போது சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் எங்களுக்கு எழுதுங்கள். சபைக்கு அந்தப் பத்தில் ஒன்று இல்லாமலே நடக்கும்.

கேள்வி: கட்டுமானத்தில் வேலை செய்கிறேன். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. புகார் கொடுத்தால் விசுவாசக் குறைவு, ஜெபித்துக் காத்திருங்கள் என்கிறார் விடுதியில் ஜெபம் நடத்தும் அண்ணன். (வாசகர், துவாஸ்)

பதில்: அண்ணனிடம் உபாகமம் 24:15ஐக் காட்டுங்கள். கூலிக்காரனுக்கு அன்றைய கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுக்க வேண்டும், கொடாவிட்டால் அவன் கர்த்தரை நோக்கி முறையிடுவான், அது கொடாதவனுக்குப் பாவமாகும் என்கிறது. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). ஆகாரத்தைத் தரும்படி கேட்பவர், அந்த ஆகாரத்தை நிறுத்தி வைத்திருப்பவர்மேல் முறையிடுவதில் முரண்பாடே இல்லை.

சிங்கப்பூர்ச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும் 14 நாளுக்குள் மிகைநேர ஊதியமும் தரப்பட வேண்டும். வேலையில் இருக்கும்போது, சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதம்தான் அவகாசம். இங்கேதான் ‘காத்திருங்கள்’ என்ற ஆலோசனை ஆளைக் கவிழ்த்துவிடும். வேலை அனுமதி அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வேலை நேரப் பதிவு ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு மனிதவள அமைச்சிடம் போங்கள். நேரப் பதிவு கம்பெனியிடம் மட்டும் இருந்தால், தேதியும் நேரமும் போட்டு நீங்களே தினமும் எழுதி வையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போகும் வழியில் ஜெபியுங்கள்.

கேள்வி: ஜார்ஜ் முல்லர் தம் தேவையை மனிதரிடம் சொல்லாமல் தேவனிடம் மட்டும் சொன்னார். நாமும் அப்படித்தான் இருக்க வேண்டுமா? (வாசகி, செங்காங்)

பதில்: முல்லர் 1836ல் பிரிஸ்டல் நகரின் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கினார். பிறகு ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய இல்லங்கள் எழும்பின, முதலாவது 1849ல் திறக்கப்பட்டது. யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட ஒழுங்கு. தேவன் ஜெபத்தைக் கேட்கிறவர் என்பதற்குக் கண்கூடான சாட்சி வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதே முல்லர் வரவு செலவு அறிக்கைகளை ஒழுங்காக அச்சிட்டு வெளியிட்டார் என்பதை அவரைப் புகழ்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஊழியம் ஒளிவில் நடக்கவில்லை.

பவுலின் வழி வேறு. கூடாரம் செய்து பிழைத்தார். பிலிப்பியர் எப்பாப்பிரோதீத்து கையில் அனுப்பியதை நன்றியோடு வாங்கிக்கொண்டார். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்தியரிடம் வெளிப்படையாகவே பணம் கேட்டார் (2 கொரிந்தியர் 8, 9). இருவரும் கிருபையில்தான் நின்றார்கள். முல்லரின் ஒழுங்கை வீட்டில் அரிசி இல்லாத தாயின்மேல் சுமத்தினால், அவர் பசியோடு குற்றவுணர்வையும் சுமக்க நேரும். ‘இவ்வளவு காணிக்கை விதைத்தால் இத்தனை மடங்கு’ என்று பேரம் பேசுகிறவர்களிடமும் இதே கடுமையோடு இருங்கள். விலை பேசி வாங்கினால் அது கிருபை ஆகாது.

கேள்வி: எங்களுக்கு நல்ல வருமானம், குளிர்பெட்டி நிறையச் சாப்பாடு. அன்றாட ஆகாரம் கேட்பது நடிப்பாகத் தெரிகிறது. உணவங்காடியில் நாலு பேர் பார்க்கக் கைகூப்பவும் கூச்சம். (தம்பதி, பொங்கோல்)

பதில்: ‘என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்’ என்று சொல்லும் இருதயத்தைப் பற்றி உபாகமம் 8:17 எச்சரிப்பது, வயிறு நிறைந்த ஜனங்களைத்தான். நிறைந்த வீட்டில் இந்த விண்ணப்பம் இரண்டு காரியம் செய்கிறது. குளிர்பெட்டி நிறைந்திருப்பதற்கு யார் காரணம் என்று நினைவூட்டும். அடுத்தவருக்கும் சேர்த்துக் கேட்கவைக்கும், அதாவது உங்களையே பதிலாக அனுப்பும். ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வாயால் மட்டும் வாழ்த்துவதை யாக்கோபு (2:16) விட்டுவைக்கவில்லை. முதலில் உங்கள் சமையலறையைப் பாருங்கள். பணிப்பெண் இருந்தால் அவர் வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிடுகிறாரா, மிச்சத்தைத்தான் சாப்பிடுகிறாரா? போதிய உணவு தருவது முதலாளியின் கடமை என்று வேலை அனுமதி விதியும் சொல்கிறது.

உணவங்காடியில் கைகூப்ப வேண்டும் என்று வேதத்தில் கட்டளை இல்லை. கண் திறந்தபடியே, தட்டைப் பார்த்து, சங்கீதம் 145:15ஐச் சொல்லலாம்: ‘எல்லாருடைய கண்களும் உம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது, ஏற்ற வேளையிலே நீர் அவர்களுக்கு ஆகாரங்கொடுக்கிறீர்.’ பத்து விநாடி போதும். மேசையில் வேறு யாராவது இருந்தால் அவரைக் காக்க வைத்து நீட்டி முழக்காதீர்கள். சாப்பிட்டபின் தட்டைத் திருப்பி வைக்கும்போது, மேசை துடைக்கும் பெரியவருக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்.