கையெழுத்து கேட்கக் கூச்சப்படும் மகள்

அன்புள்ள சார்,

வணக்கம். நாங்கள் சான் ஹோசேயில் இருக்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளித் தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று, இங்கே ஜப்பான்டவுனில் இருக்கும் புத்தர் கோயிலின் இளைஞர் குழுவுக்குப் போய்வருகிறாள். பாத்திரம் கழுவுகிறாள், நாற்காலி மடக்குகிறாள், வயதானவர்களுக்கு உணவு பரிமாறுகிறாள். வீட்டில் தட்டை எடுத்து வைக்கவே பத்து முறை சொல்ல வேண்டும், அங்கே எப்படி என்று தெரியவில்லை. எங்களுக்கு மூன்று கவலைகள். மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் அம்மா பயப்படுகிறார். ஞாயிறு தமிழ் வகுப்பு தவறுகிறது. கல்லூரி விண்ணப்பத்துக்குச் சேவை நேரம் கணக்குக் காட்டலாம், அந்தத் தாளில் கையெழுத்து வாங்கி வா என்றால் கூச்சமாக இருக்கிறது என்கிறாள். முறையாகச் சான்றிதழ் தரும் வேறு அமைப்பில் சேர்த்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

போகட்டும், விடுங்கள். இதுதான் என் பதில். ஆனால் உங்கள் மூன்றாவது கவலையைப் படித்ததும் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அம்மாவின் பயம். அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் நடத்தும் பழைய புத்தர் கோயில்களில் பெரும்பாலானவை ஜோடோ ஷின்ஷூ என்ற பிரிவைச் சேர்ந்தவை. ஷின்ரன் (1173–1263) என்ற துறவி தொடங்கிய வழி, அவரே பிறகு திருமணம் செய்துகொண்டு குடும்பத்தோடு வாழ்ந்தவர். வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பது அவர்கள் வழக்கமில்லை. ஞாயிறு காலையில் ஊதுவத்தித் தூள் இட்டு, கைகூப்பி அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லி, ஓர் உரை கேட்டு எழுந்துவிடுவார்கள். உங்கள் மகள் அதில் கைகூப்பினால் அவள் பாட்டியின் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் அங்கே இருக்கும் சென்செயைப் போய்ப் பாருங்கள், குருமாரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள், உட்கார்ந்து பொறுமையாகப் பேசக்கூடியவர்கள்.

இனி கையெழுத்து. உங்கள் மகளின் கூச்சத்தை மதித்து அப்படியே விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அவள் போகும் இடத்தின் அடிப்படையே கணக்கு வைக்காமல் இருப்பதுதான். நாம் செய்யும் நல்ல காரியம் நம் கணக்கில் புண்ணியமாக ஏறும், அதை வைத்து மோட்சம் வாங்கலாம் என்ற எண்ணத்தையே ஷின்ரன் ஏற்கவில்லை. மனிதனுடைய சொந்த முயற்சியில் எப்போதும் 'நான்' கலந்திருக்கும், ஆகவே அமிதாபரின் கருணை ஒன்றுதான் துணை, நாம் செய்வதெல்லாம் அதற்கு நன்றி, அவ்வளவே என்பது அவர் சொன்னது. அந்தச் சமையலறையில் வெங்காயம் நறுக்கும் பாட்டியிடம் போய் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால் இந்தத் தத்துவத்தையெல்லாம் சொல்லமாட்டார், சனிக்கிழமை வேலை இருக்கிறது, வந்தேன் என்பார். உங்கள் மகள் ஒரு வார்த்தை உபதேசம் இல்லாமல் அந்தப் பாட்டியிடமிருந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது நாம் அவளிடம் தாளை நீட்டி இத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்கச் சொன்னால், கற்றதை நாமே அழிக்கிறோம்.

அந்த இளைஞர் குழு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கும் இது பிடிபடும். கோயில் கட்டி முடித்த பிறகு பிள்ளைகளுக்கு ஏதாவது வேண்டுமே என்று ஆரம்பித்ததல்ல. 1898 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் புலம்பெயர்ந்த ஜப்பானிய இளைஞர்கள் பௌத்த வாலிபர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள், அதற்கு அடுத்த ஆண்டு, 1899 செப்டம்பரில்தான் ஜப்பானிலிருந்து, இங்கேயே தங்கிப் பணியாற்ற அனுப்பப்பட்ட முதல் இரண்டு குருமார்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். சங்கம் முதலில், தங்கும் குரு அப்புறம்! உங்கள் ஊர்க் கோயில் 1902-இல் தொடங்கியது. அன்று அந்தப் பள்ளத்தாக்கில் சிலிக்கானும் இல்லை, கணினியும் இல்லை, பழத்தோட்டம்தான். அங்கே கூலிவேலைக்கு வந்த, குடும்பம் இல்லாத வாலிபர்களுக்குப் பேச்சுத்துணைக்கு, உடம்புக்கு முடியாமல் போனால் பார்த்துக்கொள்ள, செத்தால் எடுத்துப்போட ஆள் வேண்டியிருந்தது. அவர்களின் பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களாகவே பிறந்தும், வெள்ளையர்களின் மன்றங்களில் இடம் கிடைக்காதபோது கூடைப்பந்து, நடனம், மாநாடு எல்லாவற்றையும் கோயிலிலேயே தாங்களே நடத்திக்கொண்டார்கள். பிறகு ஜப்பானோடு போர் மூண்டது, 1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் எண் ஆணை வந்தது. மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கினர் குடிமக்கள், முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சான் ஹோசேக்காரர்கள் பெரும்பாலும் வயோமிங்கின் ஹார்ட் மவுண்டன் முகாமில் இருந்தார்கள். பனிக்காற்றுக்குத் தார்த்தாள் ஒட்டிய பலகைக் கொட்டகைகள். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் வாலிபர் சங்கமும் நடந்தன. போர் முடிந்து திரும்பியவர்களில் பலருக்கு வீடு இல்லை, நிலம் இல்லை. கோயில் கூடத்தில் பாய் விரித்துத்தான் பல குடும்பங்கள் மறுபடி வாழ்க்கையைத் தொடங்கின.

இந்தப் பின்னணியில் பாருங்கள், அந்தக் குழுவில் 'சேவை' என்பது நம்மைவிடப் பாவப்பட்ட யாருக்கோ இறங்கிப் போய்ச் செய்வதல்ல. உணவு வங்கிக்கு டப்பா உணவு திரட்டுகிறார்கள், முதியோர் மதிய உணவுக்கு உதவுகிறார்கள், அதெல்லாம் உண்டு. ஆனால் பெரும்பங்கு வேலை தங்கள் இடத்தைத் தாங்களே உயிரோடு வைத்திருப்பதற்கான வேலை. டிசம்பரில் மோச்சி என்ற அரிசி உருண்டைக்கு மாவு இடிப்பார்கள். பசையரிசியை முந்தின இரவே ஊறவைத்து, காலையில் மரச்சட்டங்களில் ஆவியில் வேகவைத்து, உரலில் போட்டுப் பெரிய மரச்சுத்தியால் அடிப்பார்கள். ஒருவர் அடிக்க, இரண்டு அடிகளுக்கு நடுவே இன்னொருவர் ஈரக்கையை விட்டு மாவைப் புரட்டிவிட வேண்டும், தாளம் தப்பினால் விரல் போச்சு. இப்போது பெரும்பகுதியை இயந்திரம் அரைத்துவிடுகிறது, ஆனாலும் உரலை எடுத்து வைக்கிறார்கள், பிள்ளைகளிடம் சுத்தியைக் கொடுக்கிறார்கள். சூடு பறக்கும் மாவைக் கிள்ளி உருட்டும் மேசையில் எண்பது வயதுப் பாட்டியும் பதினைந்து வயதுப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில். புத்தாண்டுக்கு முன் பீடத்துப் பித்தளைச் சாமான்களை எல்லாம் கீழே இறக்கி, நாம் கார்த்திகைக்கு விளக்கு தேய்ப்பதைப் போலத் தேய்த்துப் பளபளக்க வைக்கிறார்கள். ஜூலையில் முன்னோரை நினைக்கும் ஓபோன் திருவிழா வந்தால் கோழி வாட்டும் அடுப்பருகே ஆண்கள், சோளம் விற்கும் கடையில் பள்ளிப் பிள்ளைகள், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எது எதில் போகும் என்று பிரித்துப் போடவைக்கும் இன்னும் சில பிள்ளைகள்.

கல்லாப்பெட்டியையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள், இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தலைவர், செயலர், பொருளாளர் எல்லாம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள்தான். பெரியவர்கள் ஆலோசகர்களாகப் பின்னால் நிற்கிறார்கள்.

நம்மவர்களிடம் வருகிறேன், வருத்தத்தோடுதான். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்க விழாக்கள் பலவற்றில் நான் பார்த்தது இதற்கு நேர் எதிர். பிள்ளைகளைப் பட்டுப்பாவாடை கட்டி மேடையில் ஏற்றுகிறோம், ஆடவைக்கிறோம், திருக்குறள் ஒப்பிக்கவைத்துக் கோப்பை கொடுக்கிறோம், பிறகு அவர்கள் ஓர் ஓரத்தில் கைபேசியோடு உட்கார்ந்திருக்க, சாப்பாட்டு வரிசையில் கரண்டி பிடிப்பது முதல் கூடம் பெருக்குவது வரை அப்பா அம்மாக்களே செய்து களைத்துப் போகிறோம். பொங்கல் விழாவின் வரவு செலவை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்க நமக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் கல்லூரிக்குப் போனதும் சங்கப் பக்கமே வருவதில்லை என்று குறைப்படுகிறோம். பரிசு வாங்கிய இடத்துக்கு எதற்குத் திரும்பி வரவேண்டும்? உழைத்த இடத்துக்குத்தான் கால் தானாகப் போகும். வீட்டில் தட்டை எடுக்காதவள் அங்கே பாத்திரம் கழுவுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, வீட்டில் அவள் செய்யாவிட்டால் நீங்கள் செய்துவிடுவீர்கள் என்று அவளுக்குத் தெரியும், அங்கே அவள் கழுவினால்தான் அடுத்த பந்திக்குத் தட்டு வரும்.

தமிழ் வகுப்பை விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் கோயிலா தமிழா என்று அவளிடம் தராசைப் பிடிக்காதீர்கள், அந்த வயதில் எது தோற்கும் என்று உங்களுக்கே தெரியும். வேறு நாளில் வகுப்பு கிடைக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கூடவே தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் சமையலறைப் பொறுப்பை இவளும் நாலு தோழிகளும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நீங்களே நிர்வாகிகளிடம் சொல்லுங்கள். செய்வாள், அவளுக்கு இப்போது பழக்கம் இருக்கிறது.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியதை அவளே எழுதுவாள், அதற்குத் தாளில் கையெழுத்து தேவைப்படாது.

ஒரு வேண்டுகோள், நீங்களும் போய்வாருங்கள். தன் அம்மா பசித்த ஆவிகளின் உலகில் துன்பப்படுவதைக் கண்ட மௌத்கல்யாயனர் என்ற சீடர், புத்தர் சொற்படி, மழைக்காலத் தவம் முடித்த துறவிகளுக்கு உணவளித்து அவளை மீட்ட மகிழ்ச்சியில் ஆடினார் என்பது ஓபோன் ஆட்டத்துக்கு அவர்கள் சொல்லும் கதை. ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடும் உங்கள் அம்மாவுக்குக் கதையைச் சொல்லிக் கூட்டிப்போங்கள், தெருவில் வட்டமாக ஆடும்போது யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சேர்ந்துகொள்ளலாம், சுரங்கத்தில் கரி வெட்டித் தோளுக்கு மேல் வீசும் அசைவுகளெல்லாம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். திருவிழாவுக்குச் சில வாரம் முன்பே மாலையில் பயிற்சி தொடங்கிவிடும். எந்த நாள் என்று மகளிடமே கேளுங்கள், அப்படியே காய் நறுக்க ஆள் வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.