தகரக் கூரை ஏன் வேர்க்கிறது? பண்ணைக் கட்டடக் கேள்வி-பதில்

புதிய மாட்டுத் தொழுவத்தில் விடியற்காலையில் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மழை பெய்து பல வாரங்கள் ஆகின்றன. கட்டியவர் இரண்டு முறை வந்து திருகாணித் துளைகளையெல்லாம் பசை வைத்து அடைத்துவிட்டார். இன்னும் எங்கே ஓட்டை?

ஓட்டை இல்லாததுதான் கோளாறு. உங்கள் கூரை ஒழுகவில்லை, வேர்க்கிறது. ஒரு கறவை மாடு மூச்சிலும் தோலிலுமாக நாளொன்றுக்கு 10 லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக வெளியே விடுகிறது. 20 மாடுகள் இருந்தால் தினமும் ஒரு பீப்பாய் நீரைக் காற்றில் கொட்டுவதாகக் கணக்கு. அந்த ஆவி சூடான காற்றோடு மேலே ஏறுகிறது. மேகமில்லாத இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு இறைத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். ஆவி அதில் பட்டதும் துளியாகிறது.

முகட்டைத் திறந்துவிடுங்கள். கட்டடத்தின் அகலத்தில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் முகட்டில் 5 செ.மீ. இடைவெளி என்பது நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. 12 மீட்டர் அகலத் தொழுவத்துக்கு முகட்டில் 20 செ.மீ., இரு பக்க இறவாணத்திலும் (கூரையின் தாழ்ந்த விளிம்பில்) தலா 10 செ.மீ. கீழே காற்று நுழைய வழியில்லாமல் மேலே மட்டும் திறந்தால் பயனில்லை. மழை உள்ளே வராதா என்று அடுத்து கேட்பீர்கள். கொஞ்சம் வரும். அதனால்தான் முகட்டுக்கு நேர் கீழே மாடு படுக்கும் இடத்தை வைக்காமல் நடைபாதையை வைக்கிறோம். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் சாக்குப் போட்டு அடைப்பவர்களும் உண்டு. வளர்ந்த மாடு குளிரை நன்றாகவே தாங்கும். ஈரமும் அம்மோனியா வாடையும்தான் அதன் நுரையீரலைக் கெடுக்கின்றன.

பழைய கல் தொழுவம் ஒன்றை வீடாக மாற்றுகிறோம். உள்சுவரில் ஓதம். சிமென்ட் பூசினோம், ஒரே ஆண்டில் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது. இன்னும் கெட்டியாகப் பூசலாமா?

வேண்டாம். அந்தச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது இத்தனை காலமும் தன் முகத்தின் வழியாகவே காற்றில் விட்டுவந்தது. நீங்கள் சிமென்டால் அதன் வாயை மூடினீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும்; கல்லை விடச் சாந்து கெட்டியாக இருந்தால் கல்லே உதிரும்.

ஆனால் தொழுவத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. பல தலைமுறை மாடுகளின் மூத்திரம் சுவரின் அடிப்பகுதியில் ஊறி நைட்ரேட் உப்பாகத் தங்கியிருக்கிறது. இந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சும். அதாவது, தரை ஈரத்தை நீங்கள் முழுதாக நிறுத்தினாலும் மழைக்காலத்தில் சுவர் நனைந்தே தெரியும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு இன்னும் உள்ளே போகும்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். சுற்றுத்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? மண்ணை இறக்கி, வாட்டம் கொடுத்து, தண்ணீரைத் தள்ளி விடுங்கள். பாதி ஓதம் இதிலேயே தீரும். பிறகு சிமென்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மென்மையான சுண்ணாம்புப் பூச்சு போடுங்கள். உப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு உதிர்ந்துபோவதற்கென்றே போடுகிற பூச்சு இது. சில ஆண்டுகளில் எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். அவசரமும் கூடாது. கனத்த சுவர் உலர்வதற்கு 25 மி.மீ.க்கு ஒரு மாதம் என்று கணக்கு வைப்போம். 50 செ.மீ. சுவருக்கு எத்தனை மாதம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். குடிபுகும் தேதியை அதன் பிறகு குறிக்கலாம்.

களஞ்சியத்தில் மாடி போட்டால் குறுக்கு விட்டம் நெற்றியில் இடிக்கிறது. ஒன்றிரண்டை மட்டும் அறுத்துவிடலாம் என்கிறார் தச்சர்.

அறுக்காதீர்கள். முகட்டிலிருந்து இரு பக்கமும் சரிந்து இறங்கும் கைமரங்கள் தங்கள் கால்களை வெளிப்பக்கமாக உதைத்துக்கொண்டே நிற்கின்றன. அந்த உதையைப் பிடித்து நிறுத்துவது குறுக்கு விட்டம். அதை எடுத்தால் முகடு தாழும், சுவர் வெளியே சாயும். அன்றே நடக்காது என்பதுதான் ஆபத்து. தச்சர் கூலி வாங்கிப் போய் நெடுநாள் ஆன பிறகு விரிசல் தெரியும். கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு எஃகு இழுகம்பியோ வேறு சட்டமோ தந்தால் விட்டத்தை எடுக்கலாம். நானாக இருந்தால் அந்தப் பகுதியில் மாடியையே விட்டுவிடுவேன். முழு உயரமும் தெரிகிற ஓர் அறைக்காகத்தானே களஞ்சியத்தை வாங்கினீர்கள்?

பழைய கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் பாசி படிந்திருக்கின்றன. அழுத்தநீர் பீய்ச்சிக் கழுவலாமா?

கூடாது. துளையிடவோ உடைக்கவோ கூடாது. இழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு முழுத் தகடாகக் கழற்றுங்கள். மேலே ஏறி நடக்கவும் வேண்டாம். பழைய தகடு ஆளைத் தாங்காது.

வைக்கோல் அடுக்கிவந்த கொட்டகையில் இனிக் கோதுமையைக் கொட்டி வைக்க நினைக்கிறேன். சுவர் ஓர் அடி கனம். போதாதா?

கனம் மட்டும் போதாது. வைக்கோல் கட்டு தன் காலில் தான் நிற்கும். தானியம் நீரைப் போலப் பக்கவாட்டிலும் தள்ளும். ஒரு கன மீட்டர் கோதுமை ஏறக்குறைய 750 கிலோ. 2 மீட்டர் உயரம் குவித்தால் சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 600 கிலோ அளவுக்கு வெளியே தள்ளும். ஒல்லியான உயரமான குதிர்களில் ஓர் ஆழத்துக்குப் பிறகு இந்தத் தள்ளுவிசை பெரிதாகக் கூடுவதில்லை. உராய்வால் எடையின் ஒரு பகுதியைச் சுவரே ஏற்றுக்கொள்கிறது. யான்சன் என்ற ஜெர்மானியர் இதற்கான சூத்திரத்தை 1895-இல் வெளியிட்டார். உங்கள் அகலமான கொட்டகைக்கு அந்தச் சலுகை கிடையாது. உள்ளே தனித்து நிற்கும் எஃகுத் தடுப்புகளை நிறுத்தி, பழைய சுவரைத் தொடாமல் குவியுங்கள்.

எங்கள் களஞ்சியத்தில் எதிரெதிரே இரண்டு பெரிய வாசல்கள், சுவரெங்கும் குறுகிய பிளவுகள். பிளவுகளைச் சன்னல்களாக அகலப்படுத்தி, ஒரு வாசலை அடைத்துவிடலாமா?

இரண்டையும் நேர்மாறாகச் செய்யுங்கள். கதிரடித்துத் தூற்றும்போது காற்று குறுக்கே ஓட வேண்டும் என்பதற்காக வைத்த வாசல்கள் அவை. இரண்டையும் அப்படியே கண்ணாடியிட்டு, கண்ணாடியைச் சுவர் முகத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி நிறுத்துங்கள். வீட்டுக்கு வேண்டிய வெளிச்சத்தில் பெரும்பங்கு அங்கிருந்தே வரும். பிளவுகள் உள்ளே வைத்த விளைச்சலுக்குக் காற்றுவிட இருந்தவை. அவற்றை அகலமாக்கினால் நூறு வீடுகளில் ஒரு வீடாக அது மாறிவிடும்; பிளவாகவே விட்டுக் கண்ணாடி வையுங்கள். வேலை தொடங்கும் முன் ஒரு மாலை நேரம் உள்ளே சும்மா உட்கார்ந்து பாருங்கள். கூகையோ வௌவாலோ குடியிருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை கூரையில் கை வைக்கக் கூடாது; பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.