பதிவுத் தரவை வைத்து எரிபொருள் அட்டவணையைத் திருத்துவது எப்படி?

மெகாஸ்க்விர்ட் ஈசியூவும் (இன்ஜினை இயக்கும் கணினி) வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் (புகையைப் பார்த்துக் காற்று-எரிபொருள் விகிதத்தை அளப்பது) பொருத்திய பெட்ரோல் காரில், ஓட்டிப் பதிந்த தரவைக் கொண்டு விஇ அட்டவணையை எப்படித் திருத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். இன்ஜினின் ஒவ்வொரு சுமைக்கும் சுழற்சி வேகத்துக்கும் (ஆர்பிஎம்) ஒரு கட்டம் கொண்ட அட்டவணை இது; கட்டத்தில் உள்ள எண்ணை வைத்தே ஈசியூ பெட்ரோல் அளவைக் கணக்கிடுகிறது. கணக்கு எளிது, எந்தத் தரவை நம்புவது என்பதில்தான் பாடு.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கட்டத்தில் உள்ள எண்ணைச் சென்சார் காட்டிய காற்று-எரிபொருள் விகிதத்தால் பெருக்கி, இலக்கு விகிதத்தால் வகுக்க வேண்டும். கட்டத்தில் 60, இலக்கு 14.7, பதிவில் 15.4 என்றால் புதிய எண் ஏறத்தாழ 62.9. சென்சாரைப் பார்த்து ஈசியூ தானே திருத்திக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டுப் பதியுங்கள். இல்லையேல் பிழை மறைந்துவிடும்.

இனி வடிகட்டல். இன்ஜின் முழுச் சூடேறும் முன் பதிந்தவை வேண்டாம். ஆக்சிலரேட்டரைச் சட்டென மிதித்த நொடிகளும் வேண்டாம். அப்போது கூடுதல் பெட்ரோல் தனிக் கணக்கில் பாய்கிறது. காலை எடுத்ததும் இன்ஜெக்டர்கள் நின்றுவிட்டால், சென்சார் வெறும் காற்றைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று காட்டும். சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் அதே பொய்தான். எரிந்த வாயு சென்சாரை அடையவும் நேரம் பிடிக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் இன்னும் கூடுதலாக. ஆகவே ஒரே சுமையில், ஒரே ஆர்பிஎம்மில் சில விநாடிகள் நிலைத்து ஓடிய பகுதிகளே தங்கம். ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று மாதிரிகள்தான் கிடைத்தன என்றால் அதைத் தொடாதீர்கள்.

ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்த நிலையில் இலக்கு வேறு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு 12.5 முதல் 13 வரை வைப்பது வழக்கம். அந்தப் பகுதியைச் சாலையில் அல்ல, டைனோவில் (காரை நிறுத்திவைத்தே சக்கரங்களைச் சுழலவிட்டு அளக்கும் கருவி) பதியுங்கள். எங்கே ஓட்டினாலும் லேப்டாப் பக்கத்து இருக்கைக்காரரின் மடியில்தான் இருக்க வேண்டும்.