புத்தக அலமாரி: கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகன் இந்த வருஷம் பட்டம் வாங்குகிறான். அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் பட்டமளிப்பு உரையான ‘திஸ் இஸ் வாட்டர்’ முதல் பதிப்பை, அவர் கையெழுத்தோடு இணையத்தில் ஒருவர் விற்கிறார். பரிசாக வாங்கித் தரலாமா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம் அம்மா. மையையும் கையெழுத்தின் சுழியையும் ஆராயவே தேவையில்லை, தேதியைப் பார்த்தாலே போதும். ஒஹாயோவின் கென்யன் கல்லூரியில் வாலஸ் பேசியது 2005 மே மாதம். அவர் இறந்தது 2008 செப்டம்பர் 12. லிட்டில், பிரவுன் பதிப்பகம் அதைத் தனிப் புத்தகமாகப் போட்டது 2009 ஏப்ரலில். செத்து ஏழு மாதம் கழித்து வந்த புத்தகத்தில் யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

கேட்டுப் பாருங்கள், ‘ஒட்டியிருக்கிறது சார்’ என்று பதில் வரலாம். வேறெங்கோ போட்ட கையெழுத்தை வெட்டி உள்ளே ஒட்டுவது பழைய வேலை. கையெழுத்து நிஜமாகவே இருந்தாலும், சேகரிப்பவர்கள் அதைக் கையெழுத்திட்ட பிரதியாக மதிக்க மாட்டார்கள்.

அவர் இருக்கும்போதே அந்த உரை ஒரு புத்தகத்தில் வந்திருக்கிறது: டேவ் எக்கர்ஸ் தொகுத்த ‘தி பெஸ்ட் அமெரிக்கன் நான்ரெக்வயர்டு ரீடிங் 2006’. அதில் வாலஸ் கையெழுத்து இருக்க வாய்ப்புண்டு. ஆனால் உள்ளே எழுதியவர்கள் பலர். போட்டது யார் என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். என்னிடம் இருப்பது அதன் சாதா அட்டைப் பிரதி, கையெழுத்தெல்லாம் கிடையாது. படிக்க எனக்கு அதுதான் பிடிக்கும். 2009 புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு வாக்கியம்தான், மீதியெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி வெள்ளை இடம். வேலை முடிந்து களைத்துப்போய் சூப்பர்மார்க்கெட் கியூவில் நிற்பவனின் எரிச்சலை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போகிற பேச்சு அது. இப்படித் துண்டு போட்டால் வேகம் போய்விடுகிறது.

உங்கள் பையனுக்குப் புத்தகம்தான் முக்கியம் என்றால், கையெழுத்தில்லாத 2009 முதல் அச்சே அழகான பரிசு. காப்புரிமைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘முதல் பதிப்பு’ என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள். கீழே, எத்தனையாவது அச்சு என்று காட்டும் எண் வரிசையில் 1 இருக்க வேண்டும். மேலட்டை உறை கிழியாமல் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பாதி விலை அதில்தான்.

கையெழுத்து இருந்தே ஆக வேண்டுமா? அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டர்ஸ் 2013இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பேசிய உரை, 2014இல் ‘கங்கிராஜுலேஷன்ஸ், பை தி வே’ என்று ரேண்டம் ஹவுஸ் வெளியீடாக வந்தது. அதில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் தேதி இடிக்காது.