பிங் போகிறது, வங்கித் தளம் திறக்கவில்லை: எம்.டி.யு.வைப் பாருங்கள்

வணக்கம் ஐயா. மன்னார்குடியில் உங்கள் அரிசி ஆலை அலுவலகத்தில் ரௌட்டரை மாற்றியபின் பிங்குக்கு (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்திக்கு) பதில் வருகிறது, வங்கித் தளம் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிங் போய்வருவதால் கம்பியும் அடிப்படை ஐ.பி. இணைப்பும் வேலை செய்கின்றன.

கம்பி வலையமைப்பான ஈதர்நெட் ஒரு தடவைக்கு 1500 பைட் சுமக்கும்; இந்த உச்ச அளவுதான் எம்.டி.யு. நீங்கள் குறிப்பிட்ட பி.பி.பி.ஓ.இ. இணைப்பு (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால், ஐ.பி. பொட்டலத்துக்கு (இணையத்தில் போகும் தரவுத் துண்டுக்கு) 1492 மட்டுமே மிஞ்சுகிறது. அதற்கு மேல் அடுக்கில், உங்கள் கணினியில் தரவைப் பிரித்து அனுப்பும் டி.சி.பி.க்கு இது தெரியாது. அது 1500-இல் தலைப்புகளின் 40 பைட் போக 1460 பைட் வரை தரவு அனுப்பலாம் என்று வங்கி சர்வரிடம் சொல்லிவிட, அங்கிருந்து வரும் முழு அளவுப் பொட்டலம் வழியில் கைவிடப்படுகிறது. 'அளவு பெரிது' என்று திருப்பிச் சொல்லவேண்டிய ஐ.சி.எம்.பி. செய்தியையும் ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிவிடுகிறது (பாதுகாப்பு என்ற பெயரில் இப்படிச் செய்வோர் இன்னும் இருக்கிறார்கள்). சிறிய பிங் தப்பிவிடும். பாதுகாப்பான இணைப்பைத் தொடங்க, சான்றிதழைச் சுமந்து வரும் பெரிய டி.எல்.எஸ். பதில் தப்பாது.

விண்டோஸில் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் 1464 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து அது 1492 ஆகும். அது போய், 1472 போகாவிட்டால், என் ஊகம் பெரும்பாலும் சரி. ரௌட்டரின் வான் (WAN, இணையப் பக்க) அமைப்பில் எம்.டி.யு.வை 1492 என்றும், எம்.எஸ்.எஸ். வரம்பை (டி.சி.பி. ஒரு பொட்டலத்தில் அனுப்பும் தரவின் உச்ச அளவை) 1452 என்றும் வைத்து, ரௌட்டரை ஒருமுறை அணைத்து மீண்டும் போடுங்கள்.