ஃபெரார்னா என்ன?

கேள்வி: ஐயா, நம்ம ரீயூனியன் தீவோட சின்னத்துல 'ஃப்ளோரேபோ க்வோகும்க்வே ஃபெரார்'னு லத்தீன்ல இருக்குல்ல, என் பையன் கொலேஜ்ல லத்தீன் எடுத்திருக்கான், டிக்ஷனரில ஃபெரார் கிடைக்கலங்கிறான். ஏன்?
- வாசகி, சேன்தாந்த்ரே

பதில்: கிடைக்காதும்மா, லத்தீன் அகராதில வினைய 'நான் செய்றேன்'ங்கிற உருவத்துலதான் போடுவாங்க, அதனால ஃபெரோனு தேடச் சொல்லுங்க. அர்த்தம் சுமக்கிறேன், கொண்டு போறேன். ஃபெரார்னா 'நான் கொண்டு போகப்படுவேன்', நாம 'படு' சேக்குற இடத்துல அவங்க கடைசி எழுத்த மட்டும் மாத்திடுறாங்க, ஃபெராம்னா கொண்டு போவேன், ஃபெரார்னா கொண்டு போகப்படுவேன், அவ்ளோதான். ஃப்ளோரேபோ சுலபம், நம்ம 'பூப்பேன்' மாதிரியே 'நான்'ங்கிறது விகுதிலயே ஒட்டிக்கிட்டிருக்கு. க்வோகும்க்வேன்னா 'எங்கயானாலும்'. ஆக 'எங்க கொண்டு போனாலும் பூப்பேன்'. பழைய பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியோட வாசகம் இது, 1925ல சின்னம் வரைஞ்சப்ப சேத்துக்கிட்டாங்க. கரும்பு வெட்ட கப்பல்ல ஏத்திட்டு வந்த நம்ம ஆளுங்களுக்குத்தான் இது ரொம்பப் பொருந்தும்னு எனக்குத் தோணும், கம்பெனிக்காரன் அத நெனச்சு எழுதல!

பையனுக்குத் தொல்லை குடுக்கப்போறது வேற. ஃபெரோவோட இறந்தகாலம் துலி, அகராதில அதுக்கு அடுத்து வர்ற உருவம் லாதும், ரெண்டும் வேற வேர்லேர்ந்து வந்து ஒட்டிக்கிட்டது. நிகழ்காலத்துலயும் ஃபெரிஸ், ஃபெரிட்னு வராம ஃபெர்ஸ், ஃபெர்ட்னு நடுவுல உயிரெழுத்து காணாமப் போயிடும். பிரெஞ்சுல த்ரான்ஸ்ஃபெரேர் (இடம் மாத்துறது) ஒரு வேர்லேர்ந்தும் த்ரான்ஸ்லாசியோன் (இடமாற்றம்) இன்னொண்ணுலேர்ந்தும் வந்தது இதனாலதான். ஃபெர்ரேன்னா 'சுமக்க', அதையும் சேத்து 'ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாதும்'னு நாலையும் சேத்தே மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க.