ஏ0 சுவரொட்டியில் வலையமைப்புப் படம் மங்குவது பற்றி

யார் யாருடைய பதிவை மறுபகிர்ந்தார்கள் என்று காட்டும் மறுபகிர்வு வலையமைப்பை, வலையமைப்புப் படம் வரையும் மென்பொருளான கெஃபியில் திரைப்பிடிப்பாக எடுக்காமல், முன்னோட்டப் பகுதியிலிருந்து எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கோப்பாக (பெரிதாக்கினாலும் கோடுகள் மங்காத வடிவங்கள்) ஏற்றுமதி செய்து சுவரொட்டியில் வையுங்கள். திரையில் தெளிவாக இருந்த கோடுகள் ஏ0 அச்சில் மங்குவதாக நீங்கள் கேட்டிருக்கும் சிக்கல் பெரும்பாலும் அத்துடன் தீரும்.

திரைப்பிடிப்பில் படப்புள்ளிகள் போதாமையே காரணமாக இருக்கக்கூடும். ஏ0 தாளின் அகலம் 841 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 33 அங்குலம்; 1920 புள்ளி அகலமுள்ள படத்தை அதில் முழுவதும் விரித்தால் அங்குலத்திற்கு 58 புள்ளிகளே கிடைக்கும். அருகில் நின்று பார்க்கும் படத்திற்கு குறைந்தது 150 புள்ளிகள் வேண்டும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன்:

1. பிடிஎஃப் கோப்பை 400 விழுக்காடு பெரிதாக்குங்கள். கோடுகளின் ஓரம் படிக்கட்டுப்போல் உடைந்தால் அது இன்னும் திரைப்பிடிப்பைப்போல் புள்ளிகளால் ஆன படம்தான்.

2. சுவரொட்டி முழுவதையும் ஏ4 தாளில் அச்சிடுங்கள். நீளமும் அகலமும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்குவதால் 24 அளவு எழுத்து 6 அளவாகிவிடும்; அதையும் கையில் வைத்துப் படிக்க முடிகிறது என்றால், ஓரடி தள்ளி நிற்பவருக்கும் அச்சில் சிரமம் இராது.

பல்லாயிரம் இணைப்புகள் கொண்ட எஸ்விஜி கோப்பு அச்சுக் கருவியைத் திணறடிக்கலாம் என்பதால், அந்நிலையில் 10,000 புள்ளி அகலத்தில் பிஎன்ஜி என்ற புள்ளிப்பட வடிவில் எடுப்பதே நல்லது. கணக்குகளைக் குறிக்கும் கணுக்களின்மேல் தனிமனிதர்களின் பயனர்பெயர்கள் இருந்தால், தயவுசெய்து அவற்றை இப்போதே நீக்கிவிடுங்கள். சுவரொட்டியைப் பார்ப்பவர்கள் ஒளிப்படம் எடுத்துப் பகிர்வார்கள், ஆனால் அந்தக் கணக்குகளுக்கு உரியவர்கள் அதற்கு இசைவு தந்திருக்க மாட்டார்கள்.